இளம் 800, 1500 மீட்டர் ஓட்டக்காரர்களின் திறமையை எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொன்று முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளை நடுத்தர தூரம் ஓடவிடும் பெற்றோரும், பள்ளி பி.டி. ஆசிரியர்களும், கிராமத்து மைதானங்களில் சம்பளமில்லாமல் பயிற்சி கொடுக்கும் அண்ணன்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

என் மகனுக்கு 13 வயது. குறுவட்டப் போட்டியில் 800 மீட்டரில் முதலிடம். அவனுக்கு எதிர்காலம் உண்டா?

இருக்கலாம். அந்த முதலிடத்தை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது.

13 வயதுப் பையன்கள் எட்டுப் பேரை ஸ்டார்ட்டிங் லைனில் நிறுத்திப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், குரல் உடைந்திருக்கும். அவன் பக்கத்தில் நிற்பவன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருப்பான். பிறப்புச் சான்றிதழில் இருவருக்கும் ஒரே வயதுதான். எலும்பு வளர்ச்சியைப் பார்த்தால் இருவருக்கும் மூன்று நான்கு ஆண்டு வித்தியாசம்கூட இருக்கும். பருவம் வந்த பையனுக்கு இதயமும் நுரையீரலும் பெரிதாகிவிட்டன, ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது, தொடையில் தசை போட்டுவிட்டது. அவன் ஜெயிப்பதில் ஆச்சரியம் இல்லை. தோற்ற சின்னப் பையன் எத்தனை மீட்டர் பின்னால் வந்தான் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒரு பிள்ளையைப் பற்றி என்னிடம் கேட்டால் மூன்று விஷயம் கேட்பேன். போன வருஷம் எவ்வளவு உயரம்? எத்தனை மாதமாக ஒழுங்காகப் பயிற்சி? போன வருஷம் இதே தூரத்தை எவ்வளவில் ஓடினான்? இந்த மூன்றும் தெரியாமல் டைமிங்கை மட்டும் சொன்னால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சின்ன வயதில் ஜெயித்தவர்கள்தானே பெரியவர்களான பிறகும் ஜெயிக்கிறார்கள்?

சிலர் ஜெயிக்கிறார்கள். நிறையப் பேர் காணாமல் போகிறார்கள். சின்ன வயதில் யாரும் கவனிக்காத சிலர் பின்னால் வந்து எல்லாரையும் தாண்டுகிறார்கள். இந்த மூன்றும் நடக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2012 லண்டன் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியை எடுத்துக்கொள்வோம். கென்யாவின் டேவிட் ருடிஷா 1:40.91 ஓடி உலக சாதனை படைத்தார். இரண்டாவது வந்த போட்ஸ்வானாவின் நைஜல் ஏமோஸுக்கு 18 வயது, டைமிங் 1:41.73. மூன்றாவது வந்த கென்யாவின் டிமதி கிட்டும் 17 வயதுப் பையன், 1:42.53. அடுத்த பத்து வருஷம் இந்த இருவர் கையில்தான் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்கும். அன்று ஓடிய அந்த டைமிங்கை இருவருமே பிறகு தாண்டவில்லை. ஒலிம்பிக்கிலோ உலக சாம்பியன்ஷிப்பிலோ இன்னொரு 800 மீட்டர் பதக்கமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெண்களில் பமேலா ஜெலிமோ 2008ல் 18 வயதில் 1:54.01 ஓடி, அதே வருஷம் பெய்ஜிங்கில் தங்கமும் வாங்கினார். அந்த வேகத்துக்கு அவர் திரும்ப வரவே இல்லை.

மறுபக்கமும் உண்டு. இம்மானுவேல் வான்யோன்யி 2021ல் நைரோபியில் 20 வயதுக்குட்பட்டோர் உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு 17 வயது. 2024 பாரிஸில் ஒலிம்பிக் தங்கம். இங்கிலாந்தின் கீலி ஹாட்ஜ்கின்சன் 19 வயதில் டோக்கியோவில் வெள்ளி வாங்கினார், பாரிஸில் தங்கம்.

அடுத்து, யார் கண்ணிலும் படாதவர்கள். அமெரிக்காவின் ஜிம் ரயன் நடுநிலைப் பள்ளியில் தடகள அணிக்கே தேர்வாகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில், 1964ல், ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஆனார். நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல் பதின்ம வயதில் டென்னிஸ் பிள்ளை. ஆர்தர் லிடியார்டிடம் பயிற்சிக்கு வந்த பிறகு 1960ல் 800, 1964ல் 800, 1500 என மூன்று ஒலிம்பிக் தங்கம். கெல்லி ஹோம்ஸ் பள்ளிக் காலத்தில் ஜெயித்தவர்தான், ஆனால் ராணுவத்தில் சேர்ந்து ஓட்டத்தை விட்டு விலகியிருந்தார். 2004 ஏதென்ஸில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வாங்கியபோது அவருக்கு 34 வயது.

நம் பக்கத்திலேயே ஜின்சன் ஜான்சன் இருக்கிறார். கோழிக்கோடு மாவட்டத்துக்காரர், ராணுவ வீரர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஸ்ரீராம் சிங் ஓடிய 1:45.77 என்ற தேசிய சாதனை 42 வருஷம் அசையாமல் நின்றது. 2018ல் கௌஹாத்தியில் 1:45.65 ஓடி அதை முறியடித்தபோது ஜின்சனுக்கு 27 வயது. ஸ்ரீராம் சிங்கும் அந்தச் சாதனையை இருபதுகளின் பிற்பகுதியில்தான் ஓடினார். நம் ஊர்ப் பிள்ளைகளை 15 வயதில் "இவ்வளவுதான்" என்று ஓரம் கட்டுபவர்கள் இந்த வயதுகளை யோசித்துப் பார்க்க வேண்டும்.

உடல் முதிர்ச்சியைப் பள்ளியிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

துல்லியமாக முடியாது, ஓரளவு முடியும். சுவரில் ஒரு அளவுகோல் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செருப்பில்லாமல் நிற்க வைத்து உயரம் குறியுங்கள். அதே நாளில் எடையும். வேறெதுவும் தேவையில்லை.

பெண்பிள்ளைகள் சராசரியாக 12 வயதை ஒட்டியும் பையன்கள் 14 வயதை ஒட்டியும் வேகமாக உயர்கிறார்கள். அந்த உச்சத்தில் பையன்கள் ஒரு வருஷத்தில் ஒன்பது பத்து சென்டிமீட்டர்கூட வளர்வார்கள். உங்கள் நோட்டில் ஒரு பையனின் வளர்ச்சி அந்த உச்சத்தைத் தாண்டி இறங்க ஆரம்பித்துவிட்டது என்றால் அவன் பருவ வளர்ச்சியின் பெரும்பகுதியை முடித்துவிட்டான். இன்னும் ஏறவே ஆரம்பிக்காத பையன் அவனுக்கு ஐந்து செகண்ட் பின்னால் ஓடினால், நான் இரண்டாமவனைத்தான் விட மாட்டேன்.

அப்பா அம்மா உயரத்தையும் கேளுங்கள். நெட்டையான குடும்பத்தில் 14 வயதில் குட்டையாக இருக்கும் பையன் இன்னும் வளர வேண்டியிருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. வேகமாக வளரும் அந்த ஒரு வருஷத்தில் டைமிங் அப்படியே நிற்கும், சில பிள்ளைகளுக்குக் கெட்டும் போகும். கால் நீண்டுவிடும், ஓட்டம் தடுமாறும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த வருஷத்தை வைத்துப் பிள்ளையை எடைபோடவே கூடாது.

"பயிற்சி வயது" என்கிறார்களே, அது என்ன?

ஒழுங்கான பயிற்சி எத்தனை காலமாக நடக்கிறது என்பது. திறமையை எடைபோடுவதில் எனக்கு இதைவிடப் பெரிய அளவுகோல் கிடையாது.

இரண்டு பிள்ளைகள் 800 மீட்டரை 2:15ல் ஓடுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் அகாடமியில் நான்கு வருஷமாக வாரம் ஆறு நாள் ஓடுகிறான், ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ) இருக்கிறது, முட்டை, பால் எல்லாம் கணக்காகக் கிடைக்கிறது. இன்னொருவன் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் பி.டி. சார் கூப்பிட்டதால் வந்தான், வெறுங்காலில் ஓடினான். பேப்பரில் இருவரும் சமம். முதல் பையனிடம் வெளியே எடுக்க வேண்டியதில் பெரும்பங்கை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இரண்டாமவனிடம் இன்னும் கை வைக்கவே இல்லை.

அதனால் புதுப் பிள்ளைகளை உடனே முடிவு செய்யாமல் ஒரு மூன்று மாதம் எளிதான பயிற்சி கொடுத்துப் பாருங்கள். முதல் நாள் டைமிங்கைவிட அந்த மூன்று மாதத்தில் எவ்வளவு ஏறினான் என்பது அதிகம் சொல்லும். ஒரே பயிற்சிக்கு ஒரு பிள்ளையின் உடம்பு சட்டென்று பதில் தருகிறது, இன்னொரு பிள்ளைக்கு மெதுவாக. அந்த வித்தியாசத்தில் பிறவிக் குணத்துக்கும் பங்கு உண்டு.

400 மீட்டர் டைமிங்கை வைத்து 800க்கான திறமையைச் சொல்ல முடியுமா?

நல்ல கேள்வி, பலரும் செய்யாத கணக்கு. 400 மீட்டர் டைமிங்கை இரட்டிப்பாக்கி, அதை 800 டைமிங்கிலிருந்து கழியுங்கள். ருடிஷாவின் சிறந்த 400 மீட்டர் 45.50. இரட்டித்தால் 91 செகண்ட். அவர் 800ஐ ஓடியது 100.91 செகண்டில். வித்தியாசம் சுமார் பத்து. உச்சத்தில் இருக்கும் ஒருவரின் கணக்கு இது.

இப்போது நம் மைதானத்துக்கு வருவோம். இரண்டு 16 வயதுப் பையன்கள், இருவரும் 2:10. முதல் பையனுக்கு 400 மீட்டர் 54 செகண்ட். இரட்டித்தால் 108, வித்தியாசம் 22. வேகம் இருக்கிறது, தாங்கும் சக்தி இன்னும் வளரவில்லை. இரண்டாமவனுக்கு 400 மீட்டர் 60 செகண்ட். இரட்டித்தால் 120, வித்தியாசம் பத்துதான். அவன் தன்னிடம் இருக்கும் வேகம் முழுவதையும் ஏற்கெனவே பயன்படுத்துகிறான். 800ல் அவன் பெரிதாக முன்னேற வேண்டுமானால் அடிப்படை வேகம் கூட வேண்டும், அது மெதுவாகத்தான் கூடும். அவனை 1500, 3000 பக்கம் கொண்டுபோனால் பளிச்சென்று தெரிவான்.

தாங்கும் சக்தியைப் பொறுமையாக ஓட வைத்து வருஷக்கணக்கில் வளர்க்கலாம். 800 மீட்டரில் செலவாகும் ஆற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன் வழியாக வருவது, 1500ல் ஐந்தில் நான்கு பங்குக்குப் பக்கம். அதனால் முதல் பையனின் 2:10க்குள் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அவனுடைய 54 செகண்ட் சீக்கிரம் பருவம் வந்ததால் வந்ததா என்று உயர நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வாருங்கள்.

800க்கா 1500க்கா என்று எப்போது முடிவு செய்வது?

17 வயது வரை அவசரம் இல்லை. இரண்டையும் ஓடட்டும், நடுவில் 400, குளிர்காலத்தில் கிராஸ் கன்ட்ரி, அதாவது ட்ராக்கை விட்டு வெளியே காடு மேட்டில் ஓடும் நெடுந்தூர ஓட்டம். ருடிஷாவே 400 மீட்டர் பையனாகத்தான் பயிற்சியாளர் பிரதர் கோம் ஓ'கானலிடம் வந்தார், அவர்தான் 800க்கு மாற்றினார்.

14 வயதுக்கு, 16 வயதுக்கு இவ்வளவு டைமிங் இருந்தால் நல்லது என்று ஒரு அட்டவணை தர முடியுமா?

தர மாட்டேன். அட்டவணை கையில் இருந்தால் அதற்குக் கீழே இருக்கும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் பள்ளிப் போட்டி டைமிங்கை அவ்வளவு நம்ப முடியாது. கயிறு வைத்து அளந்து சுண்ணாம்பு போட்ட 200 மீட்டர் மண் ட்ராக்கில் 800 ஓடினால் நான்கு ரவுண்டு, எட்டு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வேகம் போகும். காலை ஏழு மணி என்று சொன்ன ரேஸ் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் நடக்கும். பிள்ளை காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டதோடு சரி. ஸ்டாப் வாட்சை யாரோ ஒருவர் தாமதமாக அமுக்குவார். இதில் வந்த 2:20ஐயும் செயற்கை ட்ராக்கில் எலக்ட்ரானிக் டைமிங்கில் வந்த 2:20ஐயும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, ட்ராக், வெயில், இடம், டைமிங், அன்றைய உயரம் எல்லாம் எழுதுங்கள். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தால் வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

என்னென்ன சோதனைகள் வைக்கலாம்?

ஓடிவந்து வேகமெடுத்த பிறகு 30 மீட்டர், ஒரு 300 அல்லது 400 மீட்டர், வேறொரு நாளில் 1600 மீட்டர். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதலும் சேர்த்துக்கொள்ளலாம், கால் தசையின் வெடிப்புச் சக்தி தெரியும். பருவத்துக்கு ஒருமுறை, அதாவது வருஷத்துக்கு மூன்று தடவை போதும்.

எண்களோடு சேர்த்து கண்ணாலும் பாருங்கள். 1600 மீட்டரில் மூன்றாவது ரவுண்டில் யார் தளராமல் ஓடுகிறார்கள்? களைத்த பிறகும் யாருடைய தோள் இறுகவில்லை? முடிந்து ஐந்து நிமிடத்தில் யார் சாதாரணமாகப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள்?

விஓ2 மேக்ஸ், ஜீன் டெஸ்ட் எல்லாம் எடுக்க வேண்டுமா?

விஓ2 மேக்ஸ் என்பது உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்ற அளவு. தேர்ந்த வீரர்களுக்குப் பயிற்சியைத் திட்டமிட உதவும். 13 வயதில் அந்த எண்ணை வைத்து எதிர்காலம் சொல்ல முடியாது, வளர வளர அதுவும் மாறும். ஜீன் டெஸ்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பிள்ளைகளின் விளையாட்டுத் திறமையைக் கண்டுபிடிக்க, கடையில் விற்கும் ஜீன் பரிசோதனைகளுக்கு எந்த இடமும் இல்லை என்று விளையாட்டு மரபியல் நிபுணர்கள் 2015லேயே கூட்டாக அறிவித்துவிட்டார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல ஷூ வாங்கலாம்.

ஓடும் ஸ்டைல் நன்றாக இல்லையென்றால்?

14 வயதில் கை வீச்சு கோணலாக இருப்பது பெரிய குறை இல்லை. தரையில் கால் படும் நேரம் குறைவாக, சத்தம் குறைவாக ஓடுகிற பிள்ளையைக் குறித்து வையுங்கள். மற்றதைச் சின்னச் சின்ன ஸ்பிரிண்ட் டிரில்களில் சரிசெய்யலாம். 1984 ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வென்ற பிரேசிலின் ஜோவாகிம் குரூஸுக்கு ஒரு கால் மற்றதைவிடக் குட்டை.

என் பொண்ணு 12 வயதில் மாவட்ட சாம்பியன். 15 வயதில் அதே டைமிங்தான். திறமை போய்விட்டதா?

இல்லை. மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்குச் சரியான பதில் கிடைக்காமல்தான் நிறையப் பெண்பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

பையன்களுக்குப் பருவம் வந்தால் தசையும் ஹீமோகுளோபினும் சேர்ந்து கூடுகின்றன. பெண்பிள்ளைகளுக்கு உயரமும் இடுப்பும் உடல் கொழுப்பும் கூடுகின்றன, இது ஆரோக்கியமான வளர்ச்சி. அந்தப் புது உடம்போடு ஓடிப் பழக ஒன்றிரண்டு வருஷம் பிடிக்கும். அதுவரை டைமிங் தேங்கும். பிறகு முறையாகப் பயிற்சி செய்தால் திரும்ப இறங்கும். இந்த நேரத்தில் "வெயிட் போட்டுட்ட, சாப்பாட்டைக் குறை" என்று சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து பிள்ளையை வெளியே எடுங்கள். குறைவாகச் சாப்பிட்டு அதிகமாக ஓடினால் மாதவிடாய் நிற்கும், எலும்பு பலவீனமாகும், கால் எலும்பில் கீறல் விழும். சில மாதம் வேகம் கூடியதுபோலத் தெரியும், அப்புறம் நிரந்தரமாக உட்கார வைத்துவிடும். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லையென்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். "ஓடுற பிள்ளைகளுக்கு அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது இரும்புச்சத்து. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓட்டப் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு இரும்பின் தேவை இன்னும் அதிகம். டைமிங் தேங்கினால், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினால், பயிற்சியை மாற்றும் முன் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். 12க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. வசதி இருந்தால் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கலாம், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பில் இரும்புச் சேமிப்பு காலியாக இருப்பதுண்டு. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற மாத்திரையைப் பிள்ளைகள் தூக்கி எறிகிறார்கள். விழுங்குகிறார்களா என்று நின்று பாருங்கள். சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள், அது இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டிலிருந்து வந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பிறகு பாலினச் சோதனையைக் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் தனியாக விடப்பட்ட விதம் இன்றும் மனதை அறுக்கிறது. பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர், அந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றி மைதானத்தில் யாரும் கேலியாக ஒரு வார்த்தை பேச விடக் கூடாது.

மன உறுதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

போட்டியில் அழுவதையும் பல்லைக் கடிப்பதையும் வைத்துக் கண்டுபிடிக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் காலை யார் வருகிறார்கள் என்று பாருங்கள். தோற்ற ரேஸைப் பற்றிக் கேட்டால் "ரெண்டாவது ரவுண்டுல அவசரப்பட்டுட்டேன் சார்" என்று சொல்லும் பிள்ளைக்கு ஓட்டம் புரிகிறது. சாக்கு மட்டும் சொல்லும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதுவும் முடியும். யாரும் சொல்லாமல் தானாக ஓடிப் பார்க்கும் ஆசை இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அப்பாவின் ஆசை மட்டும் இருந்தால் அந்த ஓட்டம் 16 வயதைத் தாண்டுவது கஷ்டம்.

நார்வேயின் இங்கெப்ரிக்ட்சன் சகோதரர்கள் சின்ன வயதிலிருந்தே கடுமையாகப் பயிற்சி செய்தார்களே? நாமும் அப்படிச் செய்தால் என்ன?

ஜேக்கப் இங்கெப்ரிக்ட்சன் 16 வயதில் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடினார், 17 வயதில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 1500, 5000 இரண்டையும் ஜெயித்தார், டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார். உண்மைதான். அதேபோல் சின்ன வயதில் கடுமையாகப் பயிற்சி செய்து காயத்தில் முடிந்த பிள்ளைகளின் பெயர் செய்தியில் வருவதில்லை. ஜெயித்த ஒருவரை மட்டும் பார்த்து முறையைக் காப்பியடித்தால் அந்தக் கணக்கு தப்பாகும். அவர்களின் பயிற்சி, எல்லை தாண்டாமல் கட்டுப்படுத்திய வேகத்தில், ரத்தத்தில் லாக்டேட் (கடுமையாக ஓடும்போது தசையிலிருந்து ரத்தத்தில் கூடும் பொருள்) அளந்து செய்தது. தினமும் மூச்சு முட்ட 400 மீட்டர் பத்து ஓட வைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

12, 13 வயதில் வாரம் மூன்று நாள், விளையாட்டாக. 15 வயதில் நான்கு ஐந்து நாள். கடினமான வொர்க்அவுட் வாரத்தில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. மீதி எல்லாம் பேசிக்கொண்டே ஓடும் வேகம். வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. கணைக்கால் எலும்பு வலி என்று பிள்ளை சொன்னால், அதாவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் முன்பக்க எலும்பில், ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது என்றால், அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரே போட்டியில் 800, 1500, 3000, ரிலே எல்லாவற்றிலும் இறக்கலாமா? தனிநபர் சாம்பியன்ஷிப் கிடைக்குமே?

வேண்டாம். பள்ளிக்குப் புள்ளி கிடைக்கும், பிள்ளைக்கு அடுத்த இரண்டு வாரம் கால் தூக்க முடியாது. ஒரு போட்டிக்கு இரண்டு நிகழ்ச்சி போதும்.

கபடி, கால்பந்து எல்லாம் விட்டுவிட வேண்டுமா?

15 வயது வரை விடவே வேண்டாம். 1976ல் 400, 800 இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கியூபாவின் ஆல்பர்ட்டோ ஹுவான்டோரீனா முதலில் கூடைப்பந்து ஆடியவர். குரூஸும் அப்படித்தான். நம் தடகளக் கூட்டமைப்பும் 14 வயதுக்குட்பட்டோருக்கான மாவட்டங்களுக்கிடையேயான தேசியப் போட்டியில் ஓட்டம், தாண்டுதல் எல்லாம் கலந்த ட்ரையத்லானை வைத்திருக்கிறது. ஒரே நிகழ்ச்சியில் பிள்ளையை முடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அது.

வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கினால் செலக்‌ஷன் சுலபம் என்கிறார்கள்.

செய்யாதீர்கள். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வயது தெரிந்துவிடும், தடை வரும். அதைவிட மோசமானது, தன்னைவிட இரண்டு வயது சின்னவர்களை ஜெயித்துப் பழகிய பிள்ளை சீனியர் பிரிவுக்கு வந்ததும் உடைந்துபோகிறான். அவன் ஏமாற்றிய இடத்தில் உண்மையிலேயே 13 வயதான ஒரு பிள்ளை வாய்ப்பை இழந்து வீட்டுக்குப் போயிருக்கும்.

விளையாட்டு விடுதியில் சேர்ப்பது நல்லதா?

வீட்டில் சத்தான சாப்பாடு கஷ்டம், பக்கத்தில் ட்ராக் இல்லை என்றால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் பெரிய உதவி. சேர்க்கும் முன் அங்கே போய்ப் பாருங்கள். நடுத்தர தூரத்துக்கென்று பயிற்சியாளர் இருக்கிறாரா? போன மூன்று வருஷத்தில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் ஓடுகிறார்கள்? இரண்டாவது கேள்விக்கான பதில், சுவரில் மாட்டியிருக்கும் பதக்கப் படங்களைவிட அதிகம் சொல்லும். தேர்வில் கிடைக்கவில்லையென்றால் அடுத்த வருஷம் திரும்பப் போகலாம். பருவம் தாமதமாக வரும் பிள்ளைகள் முதல் தடவை நிராகரிக்கப்படுவது சகஜம்.

பவுடர், மாத்திரை, ஊசி?

பள்ளிப் பிள்ளைக்கு எதுவும் வேண்டாம். முட்டை, பயறு, கடலை, கேழ்வரகு, மீன், கீரை, எட்டு ஒன்பது மணி நேரத் தூக்கம். சத்து ஊசி என்று யாராவது சொன்னால் அதன் பெயரைக் கேட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் "கோச் கொடுத்தார், எனக்குத் தெரியாது" என்பது செல்லாது.

ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம் வந்தால்?

உடனே நிறுத்தி இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரேஸ் முடிந்த பிறகு வெயிலில் தலை சுற்றுவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது வேறு. குடும்பத்தில் இளம் வயதில் திடீரென்று இறந்தவர் யாராவது இருந்தால் பயிற்சி தொடங்கும் முன்பே ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

எப்போது "இவனுக்கு இது சரிவராது" என்று முடிவு செய்யலாம்?

18 வயதுக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகும், இரண்டு முழு வருஷம் காயமில்லாமல், நல்ல சாப்பாட்டோடு, முறையான பயிற்சி செய்தும் டைமிங் அசையவில்லை என்றால் முதலில் நிகழ்ச்சியை மாற்றிப் பாருங்கள். 800ல் நின்றுபோனவர் 5000லோ, தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸிலோ திறந்துகொள்வார்.

மகாராஷ்டிராவின் அவினாஷ் சாப்ளே பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ராணுவத்தில் சேர்ந்தவர். போட்டி ஓட்டத்துக்கு வந்ததே 2015ல், இருபது வயதைத் தாண்டிய பிறகு. முதலில் கிராஸ் கன்ட்ரி, அங்கிருந்து ராணுவப் பயிற்சியாளர் அவரை 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸுக்கு மாற்றினார். 2022 காமன்வெல்த் போட்டியில் வெள்ளி, அடுத்த வருஷம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம், 2024ல் பாரிஸ் டயமண்ட் லீக்கில் 8:09.91 என்று தேசிய சாதனை. 13 வயதில் அவரைக் குறுவட்டப் போட்டியில் பார்த்திருந்தால் இதெல்லாம் வரும் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.